நூத்தியெண்பது ஜி.எஸ்.எம்.

அர்த்தநாரி தரவேண்டிய
மூணு லட்சத்துப் பதினேழாயிரத்தில்
ரெண்டு லட்சத்தைக் கழித்துக்கொண்டு
ஒரு கான்டெஸ்ஸா வந்து நின்றது
என்ற கம்பெனி வாசலில்.
வெண்ணெய் நிறம். பெட்ரோல் வாசம்.
சாவியைக் கொடுத்தவர்
உள்ளே திரும்பிப் பார்க்கவேயில்லை.

கூரையில் ஒட்டியிருந்த துணி
பின்கண்ணாடிப் பக்கம் கழன்று தொங்கிற்று,
கால் பிடுங்கின மறுநாள் பந்தல் மாதிரி.
தொட்டால் ஸ்பாஞ்சு உதிரும்.
தலையில், சேலையில்,
பின்சீட்டு டெலிவரி சலான்களில்
கேழ்வரகு மாவு நிறத்தில் ஒரு பொடி.
பல்லடம் ரோட்டில் அறுபதைத் தொட்டால்
ஆடிக் காத்து உள்ளே புகுந்து
துணி மூச்சு வாங்கும்;
பின்னால் வருகிற லாரி தெரியாது.
ஒரு கையில் ஸ்டீரிங், ஒரு கையில் கூரை,
கியர் மாற்ற மூணாவது கை வேண்டும்.

குண்டூசி குத்தினேன். நாற்பத்திரண்டு.
ஸ்பீடு பிரேக்கருக்கு ஒன்று வீதம் விழுந்தன.
ஒன்று ஆடிட்டரின் காலருக்குள் போனது.

அவிநாசி ரோட்டு சீட் கவர்க்காரர்
அண்ணாந்து பார்த்துவிட்டு
"பதினோராயிரம் ஆகுமுங்க,
இந்தத் துணி இப்ப வர்றதில்லீங்க" என்றார்.
இருபத்திரண்டு வருஷமாய்த் துணி விற்கிறவளிடம்.

பசை வாங்கி நானே ஒட்டினேன்,
பழைய ஸ்பாஞ்சின் மேலேயே.
சித்திரை வெயில், மத்தியானம் மூணு மணி,
முழுசாய் என் தலையில் இறங்கிற்று.
உதிர்கிறதன் மேல் எதை ஒட்டினாலும்
உதிர்கிறதோடு சேர்ந்துதான் விழும்.
இது தெரிய எனக்கு
ஒரு டப்பா பசையும் ஒரு நல்ல ரவிக்கையும் செலவு.

பிறகு ஒரு ஞாயித்துக்கிழமை
கட்டிங் மாஸ்டர் சந்தன் மஹ்தோவும் நானும்
விளக்கை, சன்வைசரை, கைப்பிடியைக் கழற்றி
அட்டையைச் சாய்த்து, வளைத்து, வைது
வெளியே எடுத்தோம்.
கர்சீப்பால் முகம் கட்டி
கம்பி பிரஷ்ஷோடு நின்ற எங்களைப் பார்த்து
வாட்ச்மேன் நாச்சிமுத்து கேட்டார்:
"ஏனுங், எந்த பேங்க்குக்குங்?"

அடியில் ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
ஒரு சீட்டு, ஒரு நோட்டு,
அர்த்தநாரி ஒளித்த கணக்கு.
ஒன்றுமில்லை.
பழுப்பு அட்டை. மழைத்தண்ணி இறங்கின கறை.
விளக்குக்கு வெட்டிய ஓட்டை.

துணி என்னிடமே கிடந்தது.
ஹாம்பர்க்காரன் திருப்பின லாட்,
நூத்தியெண்பது ஜி.எஸ்.எம்., சாம்பல் மெலாஞ்ச்.
ஷேடு அரை டோன் தள்ளிப்போச்சாம்.
அந்த அரை டோனைப் பகல் வெளிச்சத்தில்
மூணு நாள் தேடினவள் நான்.

டப்பாவைத் திறக்கப் போனேன்.
சந்தன் கையை நீட்டினான்.
"அக்கா, பனியனுக்கே ராத்திரி பூரா விரிச்சுப் போடுறோம்.
இதுக்கு வேண்டாமா?"

வேண்டும்தான்.
ரோலில் இழுபட்டு வந்த துணி
அதுதான் தன் நீளம் என்று காட்டிக்கொள்ளும்.
வெட்டித் தைத்து அனுப்பின பிறகு
முதல் துவைப்பில் தன் அளவுக்குத் திரும்பும்.
நாலாயிரம் பீஸ் அப்படித் திரும்பித்தான்
ஒரு வருஷம் என் நகை அடகில் இருந்தது.

ஆக, அந்தத் துணி ஒரு ராத்திரி
டேபிள் மேல் சும்மா கிடந்தது,
ஃபேன்கூடப் போடாமல்.
விடிந்து அளந்தால்
ஒண்ணேகால் இஞ்ச் குறைந்திருந்தது.

நடுவில் தொடங்கி ஓரத்துக்கு
உள்ளங்கையால் தடவித் தடவி ஒட்டினோம்.
இடது பின்மூலையில் ஒரு சுருக்கம் நின்றுவிட்டது.
செக்கிங் மேஜைக்கு வந்திருந்தால்
நானே தள்ளியிருப்பேன்.

ஆவணியில் சேவூர்ப் பக்கம் ஒரு கலியாணம்.
பஸ் ஸ்டாப்பில் அர்த்தநாரி நின்றிருந்தார்.
ஏறிக்கச் சொன்னேன்.
பாக்கியைப் பற்றி அவர் பேசவில்லை.
நானும் கேட்கவில்லை.
முதல் ஸ்பீடு பிரேக்கரில்
அவர் கை தன்னால் மேலே போனது,
விழப்போகிறதைத் தாங்க.
இழுத்துக் கட்டின துணியைத் தொட்டு
சித்த நேரம் அங்கேயே இருந்தது.

"நம்மூர்த் துணிங்களா?"

"ரிஜெக்ட்டுங்க."

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.
சேவூருக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர்.